பெட்டியில் 4 ஜிபி, டிவியில் திக்கும் படம்: கம்மி விலை கிராபிக்ஸ் கார்டில் எதைப் பார்ப்பது

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "அண்ணே, ஹால் டிவில மாட்டிப் படம் பார்க்கணும், பையன் சாயங்காலம் கொஞ்ச நேரம் கேம் ஆடுவான், கம்மி விலைல ஒரு கிராபிக்ஸ் கார்டு காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மேஜைக்கு முதலில் வருவது அநேகமாக ஜிடி 730 ஆகத்தான் இருக்கும். பெட்டி மூலையில் பெரிய எழுத்தில் 4 ஜிபி என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே விலை கூடின ஜிடி 1030 இருக்கும், அதில் 2 ஜிபிதான். நாலு பெரிசா ரெண்டு பெரிசா என்று பார்த்தால் 730-ஐத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை ஜிபி என்று மட்டும்தான் கேட்கிறார்கள், அவரும் அதற்குப் பதில் சொல்கிறார்.

கார்டுக்குள்ளே இரண்டு தனித்தனி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவன் கேமுக்கு உருவம் வரைகிறவன். இன்னொருவன் சுருக்கி வைத்த வீடியோவை விரித்துத் திரையில் போடுகிறவன், அதைத்தான் டிகோடர் என்கிறோம். இரண்டும் சில்லில் வேறு வேறு பகுதிகள். முதலாமவன் நோஞ்சானாக இருந்தாலும் இரண்டாமவன் கெட்டிக்காரனாக இருக்கலாம், அப்படியே தலைகீழாகவும் நடக்கும். பெட்டியில் எழுதியிருக்கிற ஜிபி இந்த இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அது வேலை செய்ய இடம் எவ்வளவு என்பது மட்டும்தான்.

முதலில் படம் பார்க்கிற கதை. வீடியோவைச் சுருக்குகிற முறைகளில் வீட்டில் நமக்கு எதிர்ப்படுவது நாலு. பழைய எச்.264, போனிலும் ட்ரோனிலும் எடுத்த 4கே வீடியோவிலும், இப்போது கல்யாண வீடியோக்காரர்கள் பென்டிரைவில் போட்டுத் தருகிறதிலும் அடிக்கடி வருகிற எச்.265, யூடியூப் பயன்படுத்தும் விபி9, அதே யூடியூபில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வரும் ஏவி1. கார்டின் டிகோடருக்கு இந்த முறை தெரிந்திருந்தால் ப்ராசசர் சும்மா இருக்கும், ஃபேன் சத்தம் கேட்காது. தெரியாவிட்டால் மொத்தப் பாரமும் ப்ராசசர் தலையில் விழும். 1080பி என்றால் பழைய ஐ5 கூடச் சமாளித்துவிடும். 4கே எச்.265-இல், அதுவும் நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதிகிற 10 பிட் என்றால், தாலி கட்டுகிற இடத்தில் படம் நின்று நின்று போகும்.

ஜிடி 730 வந்தது 2014-இல். அதன் அண்ணன் தம்பியான ஜிடி 710-உம் என்விடியா கம்பெனியின் அதே கெப்ளர் என்ற சில் தலைமுறைதான். எச்.264 அவற்றுக்கு அத்துப்படி, எச்.265, விபி9, ஏவி1 மூன்றும் தெரியாது. 4 ஜிபி என்ன, 40 ஜிபி கொடுத்தாலும் தெரியாது. இதற்கு மேல் எச்டிஎம்ஐ வேறு பழைய 1.4 வகை, அதனால் 4கே டிவியில் மாட்டினால் நொடிக்கு 30 படம்தான் போகும். சினிமா 24 படம் என்பதால் அங்கே பெரிதாகத் தெரியாது, ஆனால் மவுஸை நகர்த்தினாலே அம்பு பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருவது கண்ணில் உறுத்தும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், கேபிளும் அதற்குத் தாங்க வேண்டும். என்விடியா கெப்ளருக்குப் புது டிரைவர் தருவதை 2021-லேயே நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ஓடு சரி. இன்றைக்குப் புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இது இல்லை. பழைய கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லை, ஏதாவது ஒன்று மாட்ட வேண்டும் என்றால் மட்டும் சரி.

2017 மே மாதம் வந்த ஜிடி 1030 அதே விலைத்தட்டில் கொஞ்சம் மேலே நிற்கிறது. டிகோடர் விஷயத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எச்.265 10 பிட், விபி9 இரண்டும் வன்பொருளிலேயே ஓடும், எச்டிஎம்ஐ 2.0, 30 வாட்தான் எடுக்கும், ஃபேனே இல்லாத மாடலும் உண்டு. ஏவி1 மட்டும் கிடையாது. அதே காலத்து ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 550 கிடைத்தால் அதுவும் எச்.265-க்கு நல்ல கார்டு, விளையாட்டிலும் 1030-க்குச் சளைத்ததில்லை, மின்சாரம் 50 வாட்.

நம் வீட்டில் எந்த முறை ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கார்டு வாங்கும் முன்பே செய்யலாம். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு அதன் மேல் ரைட் கிளிக் செய்தால் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். அதை அமுக்கினால் திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் விழும். கோடெக் என்ற இடத்தில் விபி09 என்றோ ஏவி01 என்றோ தொடங்கும் ஒரு நீளமான எழுத்துக் கோர்வை, அதற்குக் கொஞ்சம் மேலே எத்தனை ஃப்ரேம் விடுபட்டது என்ற எண். அந்த எண் ஓடிக்கொண்டே ஏறினால் டிகோட் தடுமாறுகிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற வரைபடத்தைப் பாருங்கள். அது தரையோடு தரையாகக் கிடக்க, சிபியு மட்டும் எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நின்றால், கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதைச் செய்து பார்க்கிற பலருக்குக் கார்டே வேண்டாம் என்று தெரிந்துவிடும். டெல்டா பக்கம் ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல், நான் பார்த்தவரை, சென்னையில் ஏதோ அலுவலகத்தில் ஓடி ஓய்ந்து செகண்ட்ஸில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸோ எச்பி எலைட்டெஸ்க்கோதான். அதில் இன்டெல் ப்ராசசர் எந்தத் தலைமுறை என்பதுதான் முக்கியம். 4-ஆம் தலைமுறைக்கு எச்.265 வராது. 6-ஆம் தலைமுறைக்கு எச்.265 8 பிட் வரும், 10 பிட்டில் திணறும். 7-ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 10 பிட், விபி9 இரண்டும் ப்ராசசரின் சொந்த கிராபிக்ஸிலேயே ஓடும். 11-க்கு வந்தால் ஏவி1-உம் சேர்ந்துகொள்ளும். ஆக 7-க்கு மேலே வைத்துக்கொண்டு, படம் மட்டும்தான் பார்ப்பேன் என்கிறவர் கார்டுக் காசை ஒரு எஸ்எஸ்டிக்குப் போடலாம்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இந்த அலுவலகப் பெட்டிகளில் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும், அல்லது எச்டிஎம்ஐ இருந்தும் பழைய 1.4 வகையாக இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் சாதாரண மலிவு கன்வெர்ட்டர் போட்டால் மறுபடியும் 30-இல் போய் நிற்கும். ஆக்டிவ் வகை, எச்டிஎம்ஐ 2.0, 4கே 60 என்று தெளிவாகப் போட்ட கன்வெர்ட்டர் வேண்டும். அதன் விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் கார்டின் விலைக்குக் கிட்டே வராது.

நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்காகவே கார்டு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1030-உம் சேர்ந்த பாஸ்கல் தலைமுறை கார்டுகளில் அதற்குக் குறைந்தது 3 ஜிபி நினைவகம் வேண்டும் என்று என்விடியா வைத்துவிட்டதால் 2 ஜிபி 1030 அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஜிபி உண்மையிலேயே கணக்கில் வருகிற ஒரே இடம், படம் பார்க்கிற வரை, இதுதான். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி செயலிகளுக்கு டிவியின் சொந்தச் செயலியையே வைத்துக்கொண்டு, வன்தட்டில் இருக்கிற வீடியோ, யூடியூப், விளையாட்டு ஆகியவற்றுக்குக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வது நிம்மதி.

அடுத்தது பெயர். இந்த விலைத்தட்டில் மிகப் பெரிய குழப்பமே ஒரே பெயரில் வேறு வேறு கார்டு வருவது. ஜிடி 730 என்ற பெயரில் 96 கோர் (உருவம் வரைகிற சின்னச் சின்னப் பகுதிகள்) உள்ள, கெப்ளருக்கும் முந்தைய ஃபெர்மி சில்லும் வந்தது, 384 கோர் உள்ள கெப்ளர் சில்லும் வந்தது. ஜிடி 1030-இல் முதலில் வந்தது ஜிடிடிஆர்5 என்ற வேகமான நினைவகம் போட்டது, அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒன்றை விட்டார்கள், அதன் வேகம் 16.8, அதாவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். படம் பார்க்க இரண்டும் ஒன்றுதான். விளையாட்டில் டிடிஆர்4 கார்டு பாதி வேகத்துக்கே இறங்கிவிடும். பெட்டியில் அந்த இரண்டு எழுத்து வித்தியாசம் பொடியாக எழுதியிருக்கும், கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் அது. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் அப்படித்தான். 8 ஜிபி கார்டில் 2560 கோர், 130 வாட், தனி மின் கேபிள் வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 70 வாட், பெரும்பாலான மாடல்களுக்குத் தனிக் கேபிள் வேண்டாம். இங்கே மட்டும், வீட்டு டிவிக்கு, வேகம் குறைந்த தம்பிதான் பொருத்தமானவன்.

ஏன் என்றால் கேபிள். அலுவலகச் சிறு பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கென்றே செய்த அளவில் இருக்கும், கடையில் கிடைப்பதை மாற்ற முடியாது. ஆப்டிபிளெக்ஸ் 7040 சிறு பெட்டியில் 180 வாட்தான். கார்டுக்குத் தனியாக 6 பின் வயர் எதுவும் தொங்காது. ஸ்லாட் கொடுக்கிற மின்சாரத்திலேயே ஓடுகிற கார்டு வேண்டும், அதன் உச்சவரம்பு 75 வாட், சில பெட்டிகளின் மேனுவலில் அதற்கும் குறைவாகப் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். உயரமும் பாதிதான், அதனால் லோ ப்ரொஃபைல் கார்டாக இருக்க வேண்டும். வாங்கும்போது பெட்டிக்குள் குட்டைத் தகடு ஒன்று தனியாகப் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். நெட்டைத் தகட்டைக் கழற்ற, போர்ட்டின் இரு பக்கமும் இருக்கிற அறுகோணத் திருகுகளைச் சின்ன பிளேயரால் திருப்பினால் போதும். தகடு வராமல் கார்டு மட்டும் வந்தால் பிறகு அலைய வேண்டியது நாம்தான்.

இந்த வரம்புக்குள் விளையாட்டுக்கு என்ன இருக்கிறது?

வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5, புளூஸ்டாக்ஸ் (போன் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற எமுலேட்டர்) போட்டு ஃப்ரீ ஃபயர் என்று வைத்துக்கொள்வோம், பையன்கள் கேட்கிறது பெரும்பாலும் இதுதானே. ஜிடிடிஆர்5 போட்ட 1030-இல் வேலரன்ட் குறைந்த அமைப்பில் 1080பி-இல் நன்றாகவே ஓடும். ஜிடிஏ 5 அமைப்புகளைக் குறைத்து ஆடலாம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-க்கு மூச்சு வாங்கும். ஃப்ரீ ஃபயர் மாதிரி எமுலேட்டர் விளையாட்டுக்குக் கார்டை விட ப்ராசசரும் ராமும்தான் முக்கியம், பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது திறக்கிற அடிப்படை அமைப்பில், விர்ச்சுவலைசேஷனை இயக்காமல் கார்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றும் நடக்காது. 4கே டிவி என்பதால் விளையாட்டையும் 4கே-இல் ஓட்ட வேண்டும் என்று இல்லை. 1080பி-இல் விட்டால் ஒரு புள்ளி சரியாக நாலு புள்ளியாக விரியும், சோபாவிலிருந்து பார்க்கப் போதும். டிவியில் கேம் மோடு போட மறக்க வேண்டாம், போடாவிட்டால் பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் திரும்புவான்.

1030-க்கு மேலே ஏறினால் ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, 896 கோர், 4 ஜிபி, 75 வாட், ஜிடிடிஆர்5 மாடலுக்கே நொடிக்கு 128 ஜிபி வேகம். மேலே சொன்ன அத்தனை விளையாட்டும் 1080பி-இல் நிம்மதியாக ஓடும். தனிக் கேபிள் கேட்கிற மாடலும் இதில் உண்டு, படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஏவி1 இதற்கும் தெரியாது.

2022-இல் ஏஎம்டி விட்ட ஆர்எக்ஸ் 6400 காகிதத்தில் பிரமாதம். 53 வாட், லோ ப்ரொஃபைல், எச்டிஎம்ஐ 2.1. ஆனால் அந்தச் சில்லை லேப்டாப்பை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். லேப்டாப் ப்ராசசரிலேயே வீடியோ வேலைக்கு ஆள் இருக்கிறது என்று இதில் ஏவி1 டிகோடரையும் வெட்டிவிட்டார்கள், வீடியோ பதிவுக்கான என்கோடரையும் வெட்டிவிட்டார்கள். ஸ்லாட்டுக்குப் போகிற பாதையும் நாலு லேன்தான். பிசிஐஇ என்கிற அந்த ஸ்லாட் 4.0 வகையாக உள்ள போர்டில் அது போதும். நம் செகண்ட்ஸ் பெட்டிகள் 3.0, அங்கே பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜிபி நிரம்பியதும் படம் வெட்டி வெட்டி வரும். பழைய பெட்டிக்கு ஏற்ற அளவில் வந்து, பழைய பெட்டியில்தான் மோசமாக ஓடுகிறது. இதை யார் யோசித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்டெல்லின் ஆர்க் ஏ380, ஏ310 நேர் எதிர். டிகோடர் என்று பார்த்தால் இந்த விலையில் இதை அடிக்க ஆளில்லை. ஏவி1-ஐ விரிக்கவும் தெரியும், சுருக்கவும் தெரியும். ஆனால் விளையாட்டுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி (ப்ராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே மூச்சில் எட்டுவது) போர்டில் இருந்தே ஆக வேண்டும். இன்டெல்லில் 10-ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 3000-க்கும் மேலே இருந்து, பயாஸும் ஒத்துழைத்தால்தான் அது. இல்லாத பெட்டியில் மாட்டினால் விளையாட்டு வேகம் பாதாளத்துக்குப் போகும். புதுப் போர்டு வைத்திருக்கிறவர்கள், வீடியோ எடிட்டிங்கும் கொஞ்சம் செய்கிறவர்கள், ஸ்டுடியோக்காரர்கள் தாராளமாக வாங்கலாம்.

படம், விளையாட்டு இரண்டும் வேண்டும், பெட்டி பழசு, காசு கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிதான் என் தேர்வு. ஏவி1 தெரியும், எச்டிஎம்ஐ 2.1, தனிக் கேபிள் வேண்டாம், லோ ப்ரொஃபைல் மாடல் கிடைக்கிறது. 1030, 1050 டிஐ இருக்கிற பாஸ்கல் தலைமுறைக்கு விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 3050-க்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. விலையை இங்கே எழுதவில்லை, வாராவாரம் மாறுகிறது. 3050-இன் விலையில் பாதிக்கு மேல் 1030-க்குக் கேட்டால் மட்டும் கிளம்பி வந்துவிடுங்கள்.

பெட்டியே இல்லை, புதிதாக அசெம்பிள் செய்யப் போகிறேன் என்கிறவர் கார்டை மறந்துவிட்டு ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசசரைப் பார்க்கலாம். அதன் சொந்த கிராபிக்ஸ் 1030-க்குச் சமமாக நிற்கும், ஏவி1 மட்டும் இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே 8600ஜி, அதில் ஏவி1-உம் உண்டு. ராம் மட்டும் 8 ஜிபி குச்சி இரண்டாகப் போடுங்கள், 16 ஒன்றாக வேண்டாம். இரண்டு டிடிஆர்4 3200 குச்சி சேர்ந்தால் நொடிக்கு 51.2 ஜிபி, ஒன்று என்றால் அதில் பாதி. 1030-இன் 48-ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏன் என்று புரியும்.

அப்புறம் நம்ம ஊர்ச் சமாச்சாரம். மோட்டார் செட்டுகள் ஓடுகிற நேரத்தில் கிராமங்களில் வோல்டேஜ் இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், 450 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியது தாங்காது, போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போனாலும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த பிறகு எங்கள் பக்கம் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. அது ஸ்கொயர் வேவ் வகை என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கிற சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் அதில் முரண்டு பிடிக்கும், உறுமும், திடீரென்று அணைந்துவிடும். சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. மின்கட்டணம்: 75 வாட் கார்டை முழு வேகத்தில் தினம் 4 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 500 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட நிற்கிற வீடு என்றால் அந்த 18-ஐ யோசிக்கலாம், தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கணக்கு மாறும்.

கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பெட்டியை வைக்கிற பழக்கம் இருக்கிறதே, சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாத கார்டை அதில் அடைத்தால் வெந்துபோகும். கதவைத் திறந்து வையுங்கள், இல்லை ஃபேன் உள்ளதாக வாங்குங்கள். அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசு ஃபேனில் பஞ்சாக அடையும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்றில் கார்டின் தங்க நிற விளிம்பு மங்கும். ஒருநாள் திடீரென்று டிஸ்ப்ளே வரவில்லை என்றால் சர்வீசுக்குத் தூக்கும் முன் கார்டைக் கழற்றி, அந்த விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். பாதிக் கேஸ் அதிலேயே சரியாகிவிடும். மீதியில் ஒரு பங்கு எஸ்எம்பிஎஸ்-க்குள் செத்துக் கிடக்கிற பல்லி.

செகண்ட்ஸில் 1050 டிஐ மலிவாக வருகிறதென்றால் பின்பக்கப் போர்ட்டைப் பாருங்கள். நீல நிற விஜிஏ இருந்தால் கையில் வாங்காதீர்கள். பாஸ்கல் சில்லுக்கு விஜிஏ கிடையாது, அது ஃபெர்மி காலத்து ஜிடிஎஸ் 450 மாதிரி எதற்கோ பயாஸை மாற்றி எழுதிப் பெயர் சூட்டியது. ஜிபியு இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் விற்கிறவர் வீட்டிலேயே ஓட்டுங்கள். போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று அதுவே காட்டிவிடும். உண்மையான கார்டு என்றாலும் ஒரு கால்மணி நேரம் ஏதாவது விளையாட்டை ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா, திரையில் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.